காலியாய்க் கிடந்த பின்வீடு



இந்த மாதத்தில் மட்டும் மூன்று வீட்டுப் பிரதிஷ்டை ஜெபங்களுக்கு என்னை அழைத்திருந்தீர்கள். ஒன்று சரவணம்பட்டியில் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒன்று வடவள்ளியில் மாடி எடுத்த வீடு. மூன்றாவது, சூலூருக்கு அப்பால் 3 சென்ட் இடத்தில், பஞ்சாலையில் 30 ஆண்டுகள் உழைத்த ஒரு சகோதரர் தம் சேமிப்பையெல்லாம் போட்டுக் கட்டிய சிறிய வீடு. அங்கே ஜெபம் முடிந்ததும் அவருடைய மனைவி ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். உள்ளே பட்டாவின் நகல். "இதுக்கும் ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க ஐயா" என்றார். ஜெபித்தேன். அந்த உறையைக் கையில் பிடித்திருந்தபோது வேறொரு மனிதரின் முகம் என் கண்முன் வந்து நின்றது. அவரைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் இத்தனை ஆண்டுகள் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

2014-ஆம் ஆண்டுக் கோடையில், இந்தச் சேகரத்துக்கு நான் வருவதற்கு முன்பு பணியாற்றிய ஊரில், ஆலயத்துக்கும் ஆயர் இல்லத்துக்கும் வர்ணம் பூசினோம். மேஸ்திரி அழைத்து வந்த நால்வரில் ஒருவர் இலங்கைத் தமிழர்; மலையடிவாரத்து முகாமிலிருந்து நாள்தோறும் இரண்டு பேருந்து மாறி வருவார். கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் வர்ணம் பூசும் வேலையில் முகாம்களைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதை வீடு கட்டியவர்கள் அறிவார்கள். நம் வரவேற்பறைச் சுவர்களின் வழவழப்பில் அவர்களுடைய கைவேலை உண்டு. 1990-இல், 14 வயதுச் சிறுவனாக, மன்னார்ப் பக்கத்திலிருந்து தாயோடு படகேறி வந்தவர் அவர். வேலையிடத்தில் நம் கொங்குப் பேச்சில் வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' சேர்த்துப் பேசுவார். தாயோடு கைப்பேசியில் பேசும்போது மட்டும் அந்தப் பேச்சு வேறு மனிதருடையதாக மாறிவிடும்.

வேலை முடியும் நாளில் அவர் என்னிடம் வந்து நின்றார். ஆயர் இல்லத்தின் பின்னால் கோவில்பிள்ளைக்கென்று கட்டிய ஓட்டுவீடு ஒன்று இரண்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. "ஐயா, அந்தப் பின்வீடு சும்மாத்தானே கெடக்குதுங்க. பாப்பாவுக்கு டவுன்ல காலேஜ் கெடச்சிருக்குது. முகாம்ல இருந்து காலைல பஸ்ஸு இல்லீங்க. வாடகை நீங்க சொல்றதைக் குடுத்துடறேனுங்க" என்றார்.

"கமிட்டியில் வைக்கிறேன்" என்றேன். போதகர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் எவ்வளவு வசதியானது என்பதை என்னைப் போன்றவர்கள் அறிவோம்.

கமிட்டியில் வைக்கத்தான் செய்தேன். ஒருவர், போலீஸ் வந்து கேட்டால் என்ன சொல்வது என்றார். மற்றொருவர், பிறகு காலி செய்யச் சொன்னால் போவார்களா என்றார். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதே முகாமுக்கு அரிசியும் போர்வையும் கொண்டுபோகப் பணம் கொடுத்தவர்கள். அந்த இரு கேள்விகளுக்கும் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. முகாமில் உள்ள குடும்பம் உரிய அனுமதி பெற்று வெளியே வசிக்கலாம். காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டால் போதும். அப்படி வெளியே வாழ்பவர்கள் 2021-இல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 34,000 பேர். நான் அவருக்காக எழுந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அடுத்த பொருளுக்குப் போனோம். ஒலிபெருக்கி வாங்குவது பற்றியது அது. அந்தப் பின்வீட்டில் பழைய பெஞ்சுகளையும் கிறிஸ்துமஸ் குடில் சாமான்களையும் போட்டு வைத்தோம்.

அந்த ஆண்டு டிசம்பரில் அரிசிப் பைகளோடு முகாமுக்குப் போனபோது அவருடைய தாயார் என்னை வீட்டுக்குள் அழைத்தார். "வாங்கோ ஐயா, இருங்கோ" என்றார். இருக்க இடம் எங்கே? 10-க்கு 10 அடி அறை. பக்கத்து வீட்டோடு சேர்த்து எழுப்பிய தடுப்புச்சுவர் கூரையைத் தொடாமல் நின்றது. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் குழந்தை விழித்துக்கொள்ளும். அடுப்பு, பாத்திரம், புத்தகம், தையல் இயந்திரம், ஐந்து பேருடைய படுக்கை எல்லாம் அதற்குள்தான். வாசலில் மட்டும் ஒரு முருங்கை நன்றாகக் கிளைத்திருந்தது. அம்மா சொன்னார்: "தற்காலிகமா இருங்கோ எண்டுதான் அப்ப சொன்னவை. இந்த மரத்தை வைக்கேக்க, காய்க்கிறதுக்குள்ள ஊருக்குப் போயிடுவம் எண்டு நினைச்சனான்." அப்போது அந்த மரத்துக்கு 20 வயதுக்கு மேல்.

சபையாரே, எரேமியா தீர்க்கதரிசி பாபிலோனுக்கு எழுதி அனுப்பிய நிருபத்தை நீங்கள் அறிவீர்கள். எரேமியா 29-ஆம் அதிகாரம். சிறைப்பட்டுப் போனவர்கள் விரைவில் ஊர் திரும்பிவிடலாம் என்று பெட்டியைக் கட்டியபடியே காத்திருந்தார்கள். அவர்களுக்கு அந்த ஆறுதலைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிய தீர்க்கதரிசிகளும் இருந்தார்கள். எரேமியா அதைச் சொல்லவில்லை. எழுபது ஆண்டுகள் ஆகும். ஆகையால் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், அந்தப் பட்டணத்தின் நலனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதினார். இறையியல் கல்லூரியில் இந்தப் பகுதியைப் படித்தபோது இது அகதிகளுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை என்றே எண்ணினேன். இப்போது வேறொன்றும் படுகிறது. கட்டுங்கள் என்று ஒருவரிடம் சொல்ல வேண்டுமானால், கட்ட இடம் கொடுக்க ஒருவர் இருக்க வேண்டும். பாபிலோன் கொடுங்கோல் அரசுதான். ஆனால் அங்கே சிறைப்பட்டவர்கள் வீடு கட்டினார்கள் என்பது வேதாகமத்திலேயே தெரிகிறது. கேபார் நதியண்டையில் எசேக்கியேலின் வீட்டில் மூப்பர்கள் கூடி உட்கார்ந்திருந்தார்கள் அல்லவா?

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 2012 வரையில் 3,04,269 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. பலர் திரும்பிப் போனார்கள். 2021-இல் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருந்தார்கள். நம் வட்டாரத்திலேயே பூலுவபட்டி, மேட்டுப்பாளையம் வேடர் காலனி, பவானிசாகர், அரச்சலூர் என்று முகாம்கள் உண்டு. கோவை குற்றாலத்துக்கும் பவானிசாகர் அணைக்கும் சுற்றுலா போனவர்கள் இவற்றின் அருகே மீன் வறுவல் சாப்பிட்டிருப்பீர்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடியே 40 லட்சம் ரூபாய்க்கான திட்டத்தை அறிவித்தார். பழுதடைந்த 7,469 வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டித் தருவது அதன் முக்கியப் பகுதி. மறுநாளே 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உயர்ந்தது. 2022 செப்டம்பரில் திண்டுக்கல் அருகே தோட்டனூத்தில் 17 கோடியே 17 லட்சம் ரூபாயில் கட்டிய 321 வீடுகள் முதலில் திறக்கப்பட்டன. தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி ஆகிய மூன்று முகாம்களின் குடும்பங்கள் அங்கே ஓரிடத்துக்கு வந்தன. அடுத்த ஆண்டு செப்டம்பரில் வேலூர் மேல்மொணவூரில் நடந்த விழாவில் 13 மாவட்டங்களுக்கான 1,591 வீடுகள் திறக்கப்பட்டன.

கொடைக்கானல் தியானக் கூடுகையிலிருந்து திரும்பும் வழியில் தோட்டனூத்துக்குப் போய்ப் பார்த்தேன். அளவு 300 சதுர அடிதான். சொகுசு ஒன்றும் இல்லை. ஆனால் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே முழுச்சுவர் இருந்தது. சமையலுக்குத் தனியிடம், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. என்னோடு வந்த நம் மாதர் சங்கச் செயலாளர் கழிப்பறைக் கதவை ஒருமுறை திறந்து, ஒருமுறை மூடிப் பார்த்தார். பொதுக் கழிப்பறைக்கு இருட்டில் போய் வந்த பெண்களுக்கு அந்தத் தாழ்ப்பாளின் மதிப்பு தெரியும். எந்தக் கட்சி செய்தது என்ற வழக்குக்கு நான் வரவில்லை. நல்லது நடந்தால் நல்லது என்று சொல்லத் திருச்சபை கூச வேண்டியதில்லை.

இருந்தும் அந்த வீடுகளைப் பார்த்துவிட்டு வரும் வழியெல்லாம் எனக்கு எரேமியாவின் இன்னொரு செயல் நினைவில் ஓடியது. 32-ஆம் அதிகாரம். எருசலேமைப் பாபிலோன் சேனை வளைத்திருக்கிறது. எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் தகப்பனாருடைய சகோதரரின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். நாளை எதிரி கையில் போகப்போகும் நிலம்! எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். கிரயப் பத்திரம் எழுதுகிறார், முத்திரை போடுகிறார், சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். நம் ஊர்ப் பத்திர ஆபீஸில் நடப்பது போலவே இருக்கும். பட்டணம் எரிந்தாலும் ஒரு காகிதம் மிஞ்ச வேண்டும், ஒருநாள் ஒருவன் அதை எடுத்துக் காட்டி 'இது என்னுடையது' என்று சொல்ல வேண்டும் என்பதற்காகத் தேவன் தம் தீர்க்கதரிசியைப் பத்திரம் எழுத வைத்தார். சூலூர்ச் சகோதரி பட்டா நகலுக்கு ஜெபம் கேட்டதில் எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்பது உங்களுக்குப் புரியும்.

முகாம் வீடுகளுக்கு அந்தக் காகிதம்தான் இல்லை. நிலம் அரசினுடையது, குடியிருப்பவர் பெயரில் பட்டா இல்லை. குடியுரிமையும் இல்லை. அகதிகளுக்கான 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. இந்தியாவில் 1987 ஜூன் 30 அன்று பிறந்த குழந்தை, பெற்றோர் யாராயினும், பிறப்பால் குடிமகன். ஜூலை 1 முதல் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் விதி இன்னும் இறுகியது. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த கிறிஸ்தவர் உள்ளிட்ட ஆறு சமயத்தாருக்கு வழி திறந்தது. இலங்கையின் பெயர் அதில் இல்லை. அந்தச் சட்டம் வந்தபோது நம்மில் சிலர் கிறிஸ்தவர் பெயர் இருக்கிறதே என்று ஆறுதல் கொண்டோம். கூப்பிடு தூரத்து முகாமில் உள்ள கிறிஸ்தவர் பெயர் அதில் இல்லை என்பதை நாம் கவனிக்கவே இல்லை.

காகிதம் இல்லாத வீடு என்பது முகாமின் கதை மட்டுமா? 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் ஆனபின், நம் பாட்டன் காலத்தில் தேயிலை பறிக்கப் போன மலையகத் தமிழர் கூட்டங்கூட்டமாகத் திரும்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் நீலகிரியில் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ. லயன் வீடும் கிடைத்தது. ஆனால் வேலை இருக்கும் வரைதான் வீடு. ஓய்வு பெற்றால் எங்கே போவது என்ற கேள்வி கோத்தகிரிப் பக்கத்து லயன்களில் இன்னும் இருக்கிறது. கோவை நகருக்குள்ளேயே முத்தண்ணன் குளக்கரையிலும் வாலாங்குளக்கரையிலும் இருந்த குடும்பங்கள் அகற்றப்பட்டு, குடிசை மாற்று வாரியம் கட்டிய கீரணத்தம், மலுமிச்சம்பட்டி அடுக்குமாடிகளுக்குப் போயின. வீடு பெரிதானது, வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்குப் பேருந்துச் செலவு கூலியைத் தின்றது. ஒருவரை எங்கே குடியமர்த்துகிறோம் என்பதைக் கேட்காமல் எத்தனை வீடு கட்டினோம் என்று மட்டும் எண்ணுவது கணக்குக்குத்தான் உதவும்.

இங்கே ஒரு மறுமொழி வரும். என் பிரசங்கத்திலிருந்தே வரும். நாம் யாவரும் இவ்வுலகில் அந்நியரும் பரதேசிகளும்தானே, பரலோகமே நம் வீடு அல்லவா? ஆம். லேவியராகமம் 25-இல் தேவன் தேசம் தம்முடையது என்கிறார்; அவருக்கு முன்பாக இஸ்ரவேலரும் தற்காலிகக் குடிகளே. ஆனால் அந்த வசனம் நிலம் வைத்திருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டது. நிலமற்றவரைச் சமாதானப்படுத்துவதற்கென்று அது எழுதப்படவில்லை. 4 சென்டுக்கும் சுற்றுச்சுவர் எழுப்பி, ஆழ்துளைக் கிணறும் போட்டுவிட்டு, வாடகை வீடு கேட்டு வருபவனிடம் பரலோக வாசஸ்தலத்தைப் பற்றிப் பேச நமக்கு வாய் வரக் கூடாது. உகாண்டா நம்மைவிட ஏழை நாடு; அடைக்கலம் தேடி வரும் குடும்பத்துக்கு வீடு போடவும் பயிர் செய்யவும் ஒரு துண்டு நிலம் ஒதுக்கும் வழக்கம் அங்கே உண்டு.

அந்தப் பெயிண்டரின் மகளைப் பற்றிச் சொல்லவில்லையே. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி அவளை ஒரு விடுதியில் சேர்த்தார் தகப்பன். அதை வேலை செய்தே கழிக்க மூன்று ஆண்டுகள் ஆயின. அவள் பி.காம். நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள். வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போனபோது முதல் பக்கத்திலேயே குடியுரிமையைக் கேட்டது. இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறாள். இதையெல்லாம் அவரே போன மாதம் கைப்பேசியில் சொன்னார். எத்தனையோ ஆண்டுகள் கழித்து, எப்படியோ என் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்திருந்தார். பின்வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் கேட்டேன், வருத்தமா என்று. "அதெல்லாம் என்னத்துக்குங்க ஐயா இப்ப" என்றார். அந்தப் பதிலை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அழைத்தது மகனுக்காக. முகாமில் பிறந்த பிள்ளை. கணபதியில் ஒரு லேத் பட்டறையில் நல்ல வேலை. திருமணமும் நிச்சயமாகியிருக்கிறது. வேலைக்கு அருகே வீடு பார்க்கிறார்கள். நான்கு இடங்களில் பேசி முடிந்து, இரண்டு இடங்களில் முன்பணமும் கொடுத்தாயிற்று. ஆதார் அட்டையைத் திருப்பிப் பார்த்ததும், முகவரியில் முகாம் என்ற சொல்லைக் கண்டு, "வீட்ல வேற ஆளுக்குச் சொல்லிட்டாங்க" என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான்காவது வீட்டுக்காரர் நம் சபை அல்ல என்றுதான் நம்புகிறேன்; விசாரிக்கவில்லை.

இந்த முறை கமிட்டியில் வைக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. மூன்று நாள் அவகாசம் கேட்டேன். அதற்குள் காவல் நிலையத்துக்கு நேரில் போய், முகாமுக்கு வெளியே குடியிருக்கப் போகும் குடும்பம் எந்தக் கடிதங்களோடு வர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கி வந்தேன். அந்தத் தாள் ஆலய அலுவலக மேசையில் இருக்கிறது. போலீஸ் கேட்டால் என்ன செய்வது என்று நினைப்பவர்கள் வந்து பார்க்கலாம். வாடகை ஒப்பந்தத்தில் பொறுப்பாளராக நானே கையெழுத்திடுகிறேன் என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

காந்திபுரத்திலிருந்து சரவணம்பட்டி வரை, சத்தி சாலையின் இரு புறத்திலும் நம் சபையாரின் மாடி வீடுகள் சில காலியாக இருப்பதை வீடு சந்திப்பின்போது நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்பது இரண்டு அறையும் தண்ணீர் வசதியும். மகன், வரப்போகும் மருமகள், பாட்டி ஆகிய மூவர் குடியிருப்பார்கள். பாட்டிக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. முகாமில் பழைய வீட்டை இடித்தபோது அந்த முருங்கையையும் வெட்ட வேண்டியதாயிற்று. ஒரு போத்தை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்து, பக்கத்து வீட்டு வேலியோரம் ஊன்றி அதையும் மரமாக்கிவிட்டாராம். மாடி வீடென்றால் முருங்கை வைக்க வழியில்லையே என்று அவருக்கு ஒரு கவலை என்று மகன் சொன்னார். கீழே வாசல் பக்கம் நாலடி மண் உள்ள வீடாக இருந்தால் அதையும் என்னிடம் சொல்லுங்கள். ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்தபின் அலுவலகத்தில்தான் இருப்பேன்.